முன்சக்கரம் ஏன் தூக்கியது: ஒரு ஃபோர்க் மாற்றிய கணக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி ஒரு சிற்றூருக்கு ஏறும் சிமெண்ட் பாதையில், சைக்கிளில் கால் ஊன்றாமல் மேலே போய்ச் சேர்ந்தேன். பாதையின் நீளம் நூற்றைம்பது மீட்டர்கூட இருக்காது. அதை ஏற எனக்கு ஏழு மாதமும் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாயும் ஆகியிருக்கிறது. இதில் ஒரு பகுதி வீண் செலவு என்பதால் எழுதி வைக்கிறேன்.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறுதோறும் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போய், அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சோளக்காட்டில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்குவது வழக்கம். சைக்கிள் இருபத்தொன்பது அங்குலச் சக்கரம் போட்ட சாதாரண மலைச் சைக்கிள். பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது. முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), நூறு மி.மீ. அமுங்கும்.

அந்த ஸ்பிரிங் ஃபோர்க்தான் என் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்று முடிவு கட்டியிருந்தேன். எழுந்து நின்று மிதித்தால் தொட்டில்போல ஆடும். ஃபோர்க் அமுங்காமல் பூட்டுவதற்கான வலப்பக்கத் திருகில் 'லாக்' என்று எழுதியிருக்கும். திருகினாலும் பாதிதான் பிடிக்கும். மளிகைக் கடைத் தராசில் எடை போட்டபோது 2.72 கிலோ காட்டியது. இதற்கெல்லாம் மேலே, செம்மேட்டுச் சிமெண்ட் பாதையில் முன்சக்கரம் குடிகாரனைப்போல இடமும் வலமும் அலையும். கடைசி முப்பது மீட்டரில் தரையை விட்டே எழும்பும். எழும்பிய கணத்தில் கால் ஊன்றியாக வேண்டும். ஆட்டம், எடை, அலைச்சல் மூன்றையும் ஒரே நோய் என்று நினைத்தது என் முதல் தவறு.

ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ளே காற்றை அடைத்த காற்று ஃபோர்க் வாங்குவது என்று தீர்மானித்தேன். புதிது என்றால் என் சைக்கிளின் விலையில் பாதி ஆகிவிடும். பழையதில் தேடி, ஈரோட்டில் ஒருவரிடம் ராக்ஷாக்ஸ் கம்பெனியின் ரீகான் ஃபோர்க் ஒன்றைப் பிடித்தேன். 32 மி.மீ. கால்கள், நூற்றிருபது மி.மீ. அமுக்கம், நன்றாகப் பிடிக்கும் லாக். விலை 11,500 ரூபாய். நூறுக்குப் பதிலாக நூற்றிருபது கிடைக்கிறதே, இறக்கத்தில் கைக்கு இதமாக இருக்குமே என்று மகிழ்ந்தேன். ஏற்றத்துக்காக வாங்கப் போனவன் இறக்கத்தை நினைத்து மகிழ்ந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கழுத்தைப் பார்த்தேன். ஃபோர்க்கின் மேலே நீளும் குழாயை ஸ்டியரர் என்பார்கள். என் பழைய ஃபோர்க்கில் அது மேலும் கீழும் ஒரே பருமன், 28.6 மி.மீ. வாங்கி வந்ததில் மேலே 28.6, கீழே ஒன்றரை அங்குலம்; அடி பருத்த கழுத்து. என் சட்டகத்தின் பழைய பேரிங் கிண்ணத்துக்குள் அது இறங்காது.

பருமனைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் எனக்குச் சொந்தமாகக் கிடையாது. ஃபோர்க்கையும் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு லாரி பாடி கட்டும் பட்டறைகள் இருக்கும் தெருவில், எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். நாமக்கல்லில் இருப்பதன் நன்மை இது. எந்த இரும்பு வேலைக்கும் அரை மணி நேரத்தில் ஆள் கிடைக்கும். அடிப்பக்கப் பருமனைக் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். பட்டறை அண்ணன் குழாய்க்குள் விரலை விட்டுச் சுவரின் தடிமனைத் தடவிப் பார்த்தார். "கடைந்தால் காகிதமாகிவிடும் தம்பி. மலையிலிருந்து இறங்குகிற வண்டியின் கழுத்து இது. நான் கை வைக்க மாட்டேன்" என்றார். அவர் சரி என்று சொல்லியிருந்தால் நான் கடையக் கொடுத்திருப்பேன். அந்த மறுப்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நல்ல காலம், சட்டகத்தில் ஸ்டியரர் நுழையும் தலைக்குழாயின் உள்விட்டம் 44 மி.மீ. இருந்தது. 34 என்று இருந்திருந்தால் ஃபோர்க்கைத் திருப்பி விற்பதைத் தவிர வழியில்லை. 44-க்கு, அடியில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பேரிங் கிண்ணம் ஒன்று கிடைக்கிறது. அதைப் போட்டால் அடி பருத்த கழுத்தும் பொருந்தும். வரவழைத்தேன், 1,350 ரூபாய். கிண்ணத்தின் உயரம் 12 மி.மீ. இந்த எண்ணை அப்போது கவனிக்காமல் விட்டேன்.

பழைய கிண்ணத்தை மேலிருந்து ஒரு குழாயைக் கொடுத்துத் தட்டி எடுத்தாயிற்று. புதியதைத் தட்டி ஏற்றக் கூடாது. கோணலாக இறங்கினால் தலைக்குழாயின் வாய் நசுங்கும். கடைகளில் விற்கும் அழுத்துக் கருவியின் விலையைப் பார்த்து மிரண்டு, ஓர் அடி நீள மரையுள்ள கம்பி, இரண்டு நட்டு, பட்டறை அண்ணன் கடைந்து கொடுத்த இரண்டு இரும்பு வட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு வேலையை முடித்தேன். வட்டுக்குக் கூலி 200. கால் சுற்று திருகுவது, நான்கு புறமும் இடைவெளியைப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று. இருபது நிமிடம் ஆனது.

அடுத்தது ஸ்டியரர் நீளம். பழைய ஃபோர்க் என்றால், முந்தைய உரிமையாளர் தன் சைக்கிளுக்கு ஏற்ப வெட்டியிருப்பார். இதில் மீதம் 178 மி.மீ. எனக்குத் தேவை: தலைக்குழாய் 115, அடிக்கிண்ணம் 12, மேல்மூடி 8, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் 40, ஆக 175. குழாயின் நுனி, மேலே அடுக்கியிருப்பதைவிட இரண்டு மூன்று மி.மீ. தாழ்ந்திருந்தால்தான் மூடி பேரிங்கை இறுக்கும். ஸ்டெம்முக்கு மேலே 5 மி.மீ. வளையம் ஒன்றைப் போட்டதும் கணக்கு சரியாக வந்தது. இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் பணம் போயிருக்கும். பழைய ஃபோர்க் வாங்குபவர்கள் விற்பவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை கழுத்தின் பருமனும் அதன் நீளமும்தான். நான் இரண்டையும் கேட்கவில்லை.

பழைய ஸ்டெம்முக்கு அடியில் 20 மி.மீ. வளையங்கள் இருந்தன. இப்போது அவற்றுக்கு இடமில்லை. பொருத்தி முடித்துத் தரையிலிருந்து ஹேண்டில்பார் உயரத்தை அளந்தேன். பழையதைவிட ஒரு சென்டிமீட்டர்தான் கூடியிருந்தது. "முன்பக்கம் அப்படியேதான் இருக்கிறது" என்று நோட்டில் எழுதிவைத்தேன். அந்த வரியைப் பின்னால் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன்.

காற்றடிக்க ஷாக் பம்ப் தனியாக வேண்டும், 1,800 ரூபாய். சாதாரணப் பம்ப் உதவாது. ஆரம்பத்தில் அதிலும் ஒரு குழப்பம். 95 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டுக் கழற்றினால் 'புஸ்' என்று சத்தம் வரும். காற்று போய்விட்டதோ என்று மறுபடி மாட்டினால் மீட்டர் 85-ஐக் காட்டும். இரண்டு நாள் ஃபோர்க்கில் கசிவு என்றே நம்பினேன். மாட்டும்போது ஃபோர்க்கின் காற்று பம்பின் குழாய்க்குள் கொஞ்சம் புகுகிறது. கழற்றும்போது கேட்பது குழாயில் இருக்கும் காற்று வெளியேறும் சத்தம்தான். எனவே ஒருமுறை வைத்துவிட்டுக் கழற்றினால் மறுபடி சோதிக்க வேண்டியதில்லை.

முதல் ஞாயிறு. காரவள்ளியிலிருந்து தார்ச் சாலையில் ஏறும்போது சொர்க்கம். லாக் போட்டால் கம்பியாக நின்றது. புதிய ஃபோர்க்கின் எடை 2.15 கிலோ, பழையதைவிட 570 கிராம் குறைவு. எழுபதாவது வளைவின் பலகையைத் தொட 2 மணி 14 நிமிடம். பழைய ஃபோர்க்கில் என் சிறந்த நேரம் 2 மணி 18. அன்று வெயில் இல்லை, முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன். நான்கு நிமிடத்தில் ஃபோர்க்குக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அரைக் கிலோ என்பது என் தண்ணீர் பாட்டிலைவிடக் குறைவு. எடைக்காக மட்டும் பணத்தைக் கொட்டுபவர்கள் ஒருநாள் பாட்டிலில் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு ஏறிப் பார்க்கலாம்.

பிறகு செம்மேட்டுச் சிமெண்ட் பாதை. பழைய ஃபோர்க்கில் கடைசி முப்பது மீட்டரில்தான் தூக்கும். புதியதில் பாதி வழியிலேயே தூக்கியது. லாக் போட்டேன், இன்னும் மோசம். மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை பக்கவாட்டில் சாய்ந்து, மிளகுக் கொடி ஏறியிருந்த மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் என்ன சாமி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அடுத்த மூன்று வாரம் காற்றோடு மல்லுக்கட்டினேன். 95-லிருந்து 85, பிறகு 75. 75-இல் சமதளத்தில் சதுப்பில் போவதுபோல இருந்தது. ஏற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் புரியவில்லை.

நான்காவது வாரம் சித்தப்பா மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ரசமட்டமும் டேப்பும் எடுத்துப் போனேன். அறுபது சென்டிமீட்டர் ரசமட்டத்தின் ஒரு முனையைச் சிமெண்டில் ஊன்றிக் குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்கினால், இடைவெளி 14 செ.மீ. அதாவது நூற்றுக்கு இருபத்து மூன்று ஏற்றம். ஃபோர்க்கின் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை அடிவரை தள்ளிவிட்டு, ஏறி உட்கார்ந்து, ஆட்டாமல் இறங்கினால், நம் பாரத்துக்கு எவ்வளவு அமிழ்ந்தது என்று வளையம் காட்டிக்கொடுக்கும். சமதளத்தில் 95 பி.எஸ்.ஐ.யில் 21 மி.மீ. பிறகு அந்த ஏற்றத்தின் நடுவில் தம்பி பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொள்ள, மிதிக்கும் நிலையிலேயே உட்கார்ந்து இறங்கினேன். 8 மி.மீ. அளவை நம்பாமல் மூன்று முறை எடுத்தோம். 8, 9, 8.

ஏற்றத்தில் என் பாரம் பின்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. முன்பாரம் குறைந்ததும் ஃபோர்க் நீண்டுகொள்கிறது. நீண்டால் முன்பக்கம் இன்னும் உயர்கிறது. உயர்ந்தால் பாரம் இன்னும் பின்னுக்குப் போகிறது. நீண்ட நிலையில் லாக் போட்டால் அந்த உயரத்திலேயே பூட்டிவிடுகிறேன். அதனால்தான் லாக் போட்டபோது மோசமானது. காற்றைக் குறைத்தும் பயனில்லாததற்குக் காரணமும் இதுதான்: அமுக்குவதற்கு அங்கே பாரமே இல்லை.

ஹேண்டில்பார் உயரம் மாறவில்லையே என்ற குழப்பம் மட்டும் மிச்சம். திங்கட்கிழமை பட்டறை அண்ணனிடம் சொன்னேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "லாரியில் பின்னால் துருத்திக்கொண்டு பாரம் ஏற்றி மலையேறிப் பார் தம்பி. ஸ்டியரிங் பஞ்சுபோலச் சுற்றும், டயர் திரும்பாது. டிரைவர் ஸ்டியரிங்கை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறான் என்று யாராவது பார்ப்பார்களா? பாரம் எந்த அச்சுக்கு மேலே இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்" என்றார்.

அன்று இரவே வீட்டு வராந்தாவில் சைக்கிளைச் சுவரோடு நிறுத்தி, கொத்தனாரிடம் கடன் வாங்கிய தூக்குக்குண்டைச் சீட்டின் மூக்கிலிருந்து தொங்கவிட்டேன். குண்டு ஆடி நிற்கும்வரை காத்திருந்து, நூலுக்கும், பெடல் கைகள் சுழலும் அச்சின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். 68 மி.மீ. பழைய ஃபோர்க்கை மாட்டியிருந்த காலத்தில் சீட் சரிசெய்தபோது குறித்துவைத்தது 48. சீட்டை நான் தொடவே இல்லை. முன்பக்கம் உயர்ந்ததில் சைக்கிள் முழுவதும் பின்னால் சாய்ந்து, என்னை இரண்டு சென்டிமீட்டர் பின்னுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

அப்புறம்தான் கூட்டிப் பார்த்தேன். சக்கர அச்சிலிருந்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் தோள்வரை பழையதில் 508 மி.மீ., புதியதில் 527. வித்தியாசம் 19. அடிக்கிண்ணம் 12. மொத்தம் 31 மி.மீ. நான் நீக்கிய 20 மி.மீ. வளையங்கள் ஹேண்டில்பாரைத் தாழ்த்தி இதை மறைத்துவிட்டன. கை பழைய இடத்தில் இருந்தது, உடம்பு மாறிவிட்டது.

இருபது மி.மீ. அமுக்கத்தைக் குறைப்பதுதான் வழி. ஏறும்போது குட்டையாகவும் இறங்கும்போது நெட்டையாகவும் மாற்றிக்கொள்ளும் ஃபோர்க்குகளும் முன்பு வந்தன. ஃபாக்ஸ் கம்பெனியில் டாலஸ், ராக்ஷாக்ஸில் டூயல் பொசிஷன் என்று பெயர். என் பணப்பைக்கு அவை எட்டாது. அவை பெரும்பாலும் இதைவிட நீண்ட அமுக்கம் கொண்ட கனமான சைக்கிள்களுக்கானவை. என்னிடம் இருக்கும் ஃபோர்க்கில் உள்ளே இருக்கும் காற்றுத் தண்டை மாற்றினால் நூற்றிருபது நூறாகும். தண்டு, கூரியர் சேர்த்து 2,900. புதிய சீல், பஞ்சு வளையம், கிரீஸ், எண்ணெய் எல்லாம் 850.

வேலை இப்படிப் போனது. முதலில் காற்றை முழுவதும் வெளியேற்றினேன். ஃபோர்க்கைத் தலைகீழாகக் கட்டி, அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் 5 மி.மீ. ஆலன் சாவியால் மூன்று சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் போல்ட் தலையில் தட்டினேன். உள்தண்டுகள் விடுபட்டதும் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுக் கீழ்க்கால்களை உருவினால் கையோடு வந்தன. கூடவே ஒரு கரண்டி அளவு எண்ணெய், தார் நிறத்தில். ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை இதைத் திறந்து எண்ணெய் மாற்ற வேண்டும் என்பது விதி. முந்தைய உரிமையாளர் ஒருமுறைகூடத் திறந்ததற்கு அடையாளம் இல்லை. பஞ்சு வளையங்கள் காய்ந்த ரொட்டி ஓரம்போல உதிர்ந்தன. ஃபோர்க் முதல் அரை சென்டிமீட்டருக்கு விறைப்பாக இருந்ததன் காரணம் அங்கே இருந்தது.

காற்றுத் தண்டைப் பிடித்திருப்பது ஒரு சர்க்கிளிப், அதாவது காடியில் அமரும் வாய் திறந்த எஃகு வளையம். அதற்கான இடுக்கி இல்லாமல் இரண்டு ஆணிகளால் நெருக்கப் பார்த்தேன். அது பறந்தது. அலமாரிக்கு அடியில், பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி வீசி நாற்பது நிமிடம் மீன் பிடித்தேன். மறுநாள் 220 ரூபாய்க்கு இடுக்கி வாங்கினேன். வீட்டில் பல வேலைக்கு ஆகும் என்பதால் மேலே சொன்ன கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. புதிய தண்டைக் கிரீஸ் தடவி ஏற்றிய பிறகு, சர்க்கிளிப் தன் காடியில் முழுவதும் அமர்ந்திருக்கிறதா என்று அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சரியாக அமராமல் காற்றடித்தால் தண்டு துப்பாக்கிக் குண்டுபோல வரும். இந்த ஓர் இடத்தில் அவசரம் கூடாது. பஞ்சு வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து, சீல்களை மாற்றி, கையேட்டில் சொன்ன அளவு எண்ணெயை மருந்துக்கடை சிரிஞ்சில் எடுத்து இரண்டு காலுக்கும் விட்டு மூடினேன். இரண்டு மாலை வேலை.

தூக்குக்குண்டு இப்போது 56 காட்டியது. கிண்ணத்தின் 12 மி.மீ. தொலையாது, அது கழுத்தோடு வந்த சீதனம். சீட்டை அதன் அடிக்கம்பிகளில் 12 மி.மீ. முன்னுக்குத் தள்ளி 44-க்குக் கொண்டுவந்தேன். ஹேண்டில்பார் பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தது. 102 பி.எஸ்.ஐ., சமதளத்தில் அமிழ்வது 18 மி.மீ. இதோடு முன் டயரில் காற்றை நாற்பதிலிருந்து இருபத்தாறுக்கு இறக்கினேன். அந்த ஒன்றைச் செய்யக் காசே தேவையில்லை, ஏழு மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

சென்ற ஞாயிறு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடித்து, லாக் போடாமல் ஏறினேன். கடைசி முப்பது மீட்டரில் முன்சக்கரம் இரண்டு முறை லேசானது, ஆனால் எழும்பவில்லை. பாட்டி திண்ணையில் இல்லை.

மறுமுறை வாங்குவதாக இருந்தால் நூறு மி.மீ., நேரான கழுத்து, இருநூறு மி.மீ.க்குக் குறையாத ஸ்டியரர். லாக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது. கிண்ணமும் காற்றுத் தண்டும் அப்போது தேவைப்பட்டிருக்காது, 4,250 மிச்சம். சஸ்பென்ஷனே இல்லாத இரும்பு ஃபோர்க் போட்டால் என்ன என்றும் யோசித்தேன். தம்பியின் சைக்கிளில் இருப்பது அதுதான். ஏற்றத்தில் ஆணி அடித்ததுபோல நிற்கிறது. அதே சைக்கிளில் எழுபது வளைவையும் இறங்கி வந்தபோது, காரவள்ளியில் டீ கிளாஸைப் பிடிக்க விரல்கள் மறுத்தன. அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது அடிக்கிண்ணத்தில் 'கிறீச்' என்று ஒரு சத்தம், இடது மிதிக்கு மட்டும். கிரீஸ் தடவியும் போகவில்லை. இந்த வாரம் கிண்ணத்தை மறுபடி கழற்றி, அதன் உட்கார்மனையை வெர்னியரில் பார்க்க வேண்டும். பட்டறை அண்ணன் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.